மரபணுவில் முன்னோரைத் தேடுதல்: மலையகத்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். இலங்கையின் மலையகத்தில் இந்தத் தேடலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கலந்துகொண்டு வருகிறார்கள். பூட்டனார் எந்த ஊரிலிருந்து கிளம்பி இந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்பது ஒன்று. ஆதி மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுத் தென்னிந்தியாவுக்கும் இந்தத் தீவுக்கும் வந்த நெடும்பயணத்தில் நம் வழி எது என்பது மற்றது. முதல் கேள்விக்கு வயது 200 ஆண்டு. இரண்டாவதற்கு 50,000 ஆண்டு. இரண்டுக்கும் டிஎன்ஏ உதவும். ஆனால் பார்க்கவேண்டிய பகுதி வேறு, பரிசோதனை வேறு, கணக்கும் வேறு. ஒன்றின் விடையை எடுத்து மற்றதில் பொருத்தும்போதுதான் பெரிய பிழைகள் நடக்கின்றன.

மூன்று வழிகள்

தாயிடமிருந்து மட்டும் வருவது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ. 16,569 எழுத்து (ஒவ்வொன்றும் ஏ, சி, ஜி, டி என்ற நான்கில் ஒன்று) நீளமுள்ள சின்ன வளையம். அம்மா, அம்மாச்சி, அம்மாச்சியின் அம்மா என்று ஒரே கோட்டில் மேலே போகும். ஆண்களிடமும் இருக்கிறது, ஆனால் அவர்கள் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். நம் பங்காளி முறை போகும் வழியிலேயே இதுவும் போகிறது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் உண்மையிலேயே ஓர் ஆண் வழியில் வந்தவர்கள் என்றால் அவர்களின் ஒய் ஒன்றாகவே இருக்கும். தாய்வழிக்கு அப்படியொரு பெயரோ தெய்வமோ நம்மிடம் இல்லை. பெண் வாழ்க்கைப்பட்டுப் போனதும் அவள் வழி புகுந்த வீட்டுப் பெயருக்குள் மறைந்துவிடுகிறது. அதனால், குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத செய்தி பெரும்பாலும் தாய்வழியிலிருந்துதான் கிடைக்கும். எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு அதையே முதலில் சொல்வோம்.

மூன்றாவது, மிச்சமுள்ள 22 சோடிக் குரோமோசோம்கள். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துக் கொடுக்கப்படுவதால், ஐந்தாறு தலைமுறைக்குள் உள்ள உறவுகளைக் கண்டுபிடிக்க இதுதான் உதவும்.

பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடம் இருக்கிறது. தாய்வழியும் தந்தைவழியும் அதில் இரண்டே பேரைத்தான் காட்டுகின்றன. "என் ஒய் இன்ன கிளை, ஆகவே நான் இன்ன கூட்டம்" என்று சொல்பவர் மற்ற 1,022 பேரை விட்டுவிடுகிறார்.

முதலில் கடதாசி, பிறகு எச்சில்

ஊரின் பெயரையும் வந்த ஆண்டையும் எந்த மரபணுவும் சொல்லாது. அவை கடதாசியிலும் கிழவர்களின் வாயிலும்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வேலை முதலில்.

வீட்டுப் பெட்டியில் தேடவேண்டியவை: பழைய பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த பத்திரங்களின் பிரதி, தோட்டத்துச் செக்றோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் இருந்த சான்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், நம் ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் வந்த பிறகும் நம் குடும்பங்கள் தங்கள் பூர்வீகத்தை எழுத்தில் காட்டவேண்டிய நிலை வந்தது. பெரும் துன்பத்தின் மிச்சம்தான் அந்தக் கடதாசிகள். ஆனால் பாட்டனாரின் சொந்தக் கிராமம், தாலுகா, மாவட்டம் எல்லாம் அவற்றில் எழுதியிருக்கக்கூடும். தூக்கி எறியாதீர்கள். கைப்பேசியில் நேராக, நிழல் விழாமல் படம் எடுத்து வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், முத்திரையும் திகதியும் பல தடவை அங்கேதான் இருக்கும்.

மாவட்டப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சேலம் என்று எழுதியிருந்தால் அது இன்றைய தர்மபுரியாக இருக்கலாம், ஏனென்றால் தர்மபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. இராமநாதபுரம் என்றிருந்தால் 1985இல் பிரிந்த சிவகங்கையையும், மதுரை என்றிருந்தால் அதே ஆண்டு பிரிந்த திண்டுக்கல்லையும் சேர்த்துத் தேடுங்கள். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது, அதன் பதிவுகள் மற்ற மாவட்டங்களின் பதிவுகளோடு சேர்ந்து இருக்காது.

கிழவர்களிடம் "நம்ம பூர்வீகம் எது?" என்று பொதுவாகக் கேட்டால் "இந்தியா" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். குலதெய்வம் எது? அந்தக் கோயில் எந்த ஊர்? எந்தக் கங்காணி ஆட்களைக் கூட்டிவந்தார்? அவரும் நம்ம ஊர்தானா? முதலில் எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார்கள்? மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்ததாகச் சொன்னார்களா, மண்டபம் முகாமில் இருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னார்களா? நடந்து வந்த நினைவு இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, கோப்பிக் காலம். மண்டபமும் தகரத் துண்டும் (தொழிலாளருக்குக் கொடுத்த தகர அடையாளத் தகடு) பேச்சில் வந்தால் 20ஆம் நூற்றாண்டு. ஒரு பேச்சை வைத்தே காலத்தை ஓரளவு பிடிக்கலாம்.

யாருடைய மாதிரியை எடுப்பது

வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவருடையதை. பேரனைவிட அப்பாயியிடம் பழைய டிஎன்ஏ நான்கு பங்கு கூடுதலாக இருக்கிறது. அவருக்கு 80 வயது என்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

தாய்வழிக்கு ஆணோ பெண்ணோ யாரும் கொடுக்கலாம். தந்தைவழிக்கு ஆண்தான் வேண்டும். பெண்ணொருவர் தன் தந்தைவழியை அறிய விரும்பினால் அப்பா, உடன்பிறந்த அண்ணன் தம்பி, அப்பாவோடு பிறந்த சித்தப்பா, பெரியப்பா, அல்லது அவர்களுடைய மகன் கொடுக்கவேண்டும். தாய்மாமன் கொடுத்தால் வருவது அம்மாவின் தந்தைவழி. இதை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு குழம்புகிறவர்கள் பலர்.

எந்தப் பரிசோதனை

விளம்பரங்களில் அதிகம் காண்பது சிப் பரிசோதனை. 300 கோடி எழுத்துகளில் சுமார் 6, 7 இலட்சம் இடங்களை மட்டும் படிக்கும். உறவு தேடவும் பொதுவான பூர்வீகம் பார்க்கவும் இது போதும். ட்வென்டித்ரீ அண்ட் மீ (23andMe) என்ற நிறுவனம் இதே சிப்பில் தாய்வழி, தந்தைவழிக் கிளைகளையும் சொல்கிறது. அன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்றவை உறவு தேடலுக்கே முதன்மை கொடுப்பவை.

ஆதிகாலப் பயணம்தான் உங்கள் கேள்வி என்றால் முழு மைட்டோகாண்ட்ரிய வரிசை எடுக்கும் பரிசோதனை வேண்டும். ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ இதைத் தனியாகச் செய்கிறது. சிப், தாய்வழி மரத்தில் "எம்" (M) என்ற பெருங்கிளையோடு நின்றுவிடும் இடத்தில் முழு வரிசை கிளையின் கிளை வரைக்கும் காட்டும். தெற்காசியருக்கு இந்த வேறுபாடு பெரிது. நம் கிளைகள் பழையவை, ஆழமானவை, அவற்றின் நுனிகள் பல சிப்பில் இடம்பெறவேயில்லை. தந்தைவழிக்கு 12 அடையாளங்களை மட்டும் பார்க்கும் மலிவுப் பரிசோதனையை வாங்காதீர்கள். சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேரோடு அது பொருந்தும்.

இலங்கை முகவரிக்கு அனுப்புவார்களா, திரும்ப அனுப்பும் செலவு யாருடையது, எச்சில் மாதிரியைக் கூரியர் ஏற்குமா என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்

எச்சில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சாப்பாடு, தேத்தண்ணி, சிகரெட், வெற்றிலை எதுவும் கூடாது. இதில் மலையகத்தில் அதிகம் பிழை செய்வது வெற்றிலைதான். பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள் ஆய்வுகூடத்தில் டிஎன்ஏயைப் பெருக்கும் வேலையைத் தடுக்கும். வெற்றிலையைத் துப்பிவிட்டால் மட்டும் அது போகாது. முதல் நாள் இரவோடு வெற்றிலையை நிறுத்தி, காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கும் தேத்தண்ணிக்கும் முன்னரே, வெறும் தண்ணீரால் நாலைந்து முறை கொப்பளித்து, அரை மணி நேரம் பொறுத்து எடுப்பது நல்லது. பெரியவர்களிடம் "ஒரு வாய் போட்டுட்டு வர்றேன்" என்று போகவிடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயில் கோடு வரைக்கும், பொதுவாக 2 மில்லிலீட்டர், எச்சில் இருக்கவேண்டும். நுரை கணக்கில் வராது. பாதி நுரையாக அனுப்பிய குழாயை ஏற்காமல் விடலாம், வாரக்கணக்கில் வீணாகும். வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வாய் வறண்டிருக்கும். கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தடவிக்கொடுங்கள், புளியை நினைக்கச் சொல்லுங்கள், வாயில் போடவேண்டாம். அப்படியும் முடியாவிட்டால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுக்கும் பஞ்சுக்குச்சி உள்ள நிறுவனத்தைத் தெரிவுசெய்யுங்கள். குச்சியின் நுனியை விரலால் தொடக்கூடாது. ஒவ்வொரு கன்னத்திலும் அறிவுறுத்தலில் சொன்ன நேரம் முழுக்க, உள்தோல் செல்கள் ஒட்டும்படி அழுத்தித் தேய்க்கவேண்டும்.

மூடியை அழுத்தியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புத் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்கும். அது கலந்த பிறகு குளிர்பெட்டி தேவையில்லை. கலக்காமல் வைத்தால், ஈரமும் பனியுமாக இருக்கும் நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ ஓரிரு நாளில் நுண்ணுயிர்கள் டிஎன்ஏயைத் தின்றுவிடும். மூடியபின் ஐந்தாறு தடவை மேலும் கீழுமாக ஆட்டுங்கள்.

ஒரே நாளில் மூன்று பேருக்கு எடுத்தால் ஒருவரை முழுக்க முடித்து, எண்ணைப் பதிந்து, உறையை ஒட்டிய பிறகே அடுத்த குழாயைத் திறவுங்கள். அம்மாயியின் குழாயும் பேத்தியின் குழாயும் மாறிப்போனால் தாய்வழி விடையில் அது தெரியவே தெரியாது, இருவருக்கும் ஒன்றுதானே. உறவுப் பட்டியலில் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரியவரும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவரிடம் எடுக்கவேண்டாம். அவர் எச்சிலில் கொடையாளியின் டிஎன்ஏ இருக்கும்.

கோப்பைத் திறந்து பாருங்கள்

முடிவு வந்ததும் அழகான வரைபடத்தோடு நின்றுவிடாமல் மூலத்தரவுக் கோப்பை இறக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். அது ஒடுக்கிய கோப்பாக வரும், விரித்தால் ஆறேழு இலட்சம் வரிகள். கைப்பேசியில் திறக்க முயன்றால் திணறும், கணினி வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விடயங்கள்: அந்த இடத்தின் அடையாள எண், குரோமோசோம், அதில் எத்தனையாவது எழுத்து, உங்களிடம் இருக்கும் எழுத்து. படிக்க முடியாத இடத்தில் இரண்டு சிறு கோடுகளோ சுழியோ இருக்கும். மைட்டோகாண்ட்ரியம் என்பதைச் சில கோப்புகள் எம்டி (MT) என்றும், அன்செஸ்ட்ரி கோப்பு 26 என்றும் குறிக்கும்.

இப்போது உங்கள் தாய்வழியின் முதல் சந்தியை நீங்களே பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரிய வரிகளில் 10400ஆம் இடத்தைத் தேடுங்கள். அங்கே டி (T) என்று இருந்தால் உங்கள் தாய்வழி எம் (M) பெருங்கிளை. சி (C) என்று இருந்தால் 12705ஐப் பாருங்கள். அதுவும் சி என்றால் நீங்கள் ஆர் (R) பெருங்கிளை, தெற்காசியாவில் நிறைய உள்ள யு2 போன்றவை இதற்குள் அடங்கும். 12705இல் டி என்று இருந்தால் ஆருக்கு வெளியே உள்ள "என்" (N) கிளைகள். அரிதாக, ஆப்பிரிக்க எல் கிளைகளாகவும் இருக்கலாம். சிப்புக்குச் சிப் வேறுபடுவதால் அந்த இடம் உங்கள் கோப்பில் இல்லாமலும் போகலாம். அப்போது ஹாப்லோகுரெப் என்ற இலவசக் கருவியில் முழு மைட்டோகாண்ட்ரியப் பகுதியையும் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு எழுத்து மாறியதால் என்ன தெரிகிறது என்று கேட்கலாம். முழு மைட்டோகாண்ட்ரியத்தில் புது மாற்றம் ஒன்று நிலைபெறச் சராசரியாக 3,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 10400இல் சி டி ஆக மாறியது ஒரே ஒரு பெண்ணிடம், ஏறத்தாழ 50,000, 60,000 ஆண்டுகளுக்கு முன். இன்று அந்த மாற்றத்தைச் சுமப்பவர்கள் எல்லோரும் அவள் மக்கள். ஆப்பிரிக்காவில் எல்3 என்ற கிளையிலிருந்து எம்மும் "என்"னும் (N) பிரிந்தன, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள தாய்வழிகள் அநேகமாக எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும். இந்தியத் துணைக்கண்டத்தில் எம் மிகப் பரவலாகவும் மிகப் பல கிளைகளாகவும் இருக்கிறது. கிளைகள் பெருகக் காலம் வேண்டும். மனிதர் இங்கே மிக முன்னரே வந்து குடியேறிவிட்டார்கள் என்பதற்கு அதுவே ஒரு சான்று.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் கவனியுங்கள். மாற்றம் இவ்வளவு மெதுவாக நடப்பதால், முழு வரிசையும் எழுத்துப் பிசகாமல் பொருந்திய ஒருவர் உங்களுக்கு 300 ஆண்டு உறவாகவும் இருக்கலாம், 2,000 ஆண்டு உறவாகவும் இருக்கலாம். தாய்வழிப் பொருத்தத்தை வைத்து "நம்ம சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்" என்று தொலைபேசி எடுக்காதீர்கள்.

குகை மனிதரும் நாமும்

மலையகத்தின் அடிவாரத்தைச் சுற்றியே இந்தத் தீவின் மிகப் பழைய மனித எச்சங்கள் கிடக்கின்றன. களுத்துறை மாவட்டப் பாஹியன்கல குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழைமையான குடியிருப்பு, குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வழியில் கித்துல்கல பெலிலென. 2023இல் இலங்கையின் இடைக்கற்கால வேட்டை மக்களுள் இருவரின் முழு மைட்டோகாண்ட்ரிய வரிசை முதன்முதலாக வெளியானது. இரண்டு குகைகளில் கிடைத்த எச்சங்கள். ஒருவர் எம்18ஏ, மற்றவர் எம்35ஏ. எம்18ஏ இன்று சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் மூவரிடமும் குறைந்த அளவில் இருக்கிறது. எம்35ஏ தீவின் எல்லா மக்களிடமும் இருக்கிறது, சிங்களவரிடம் சற்றுக் கூடுதலாக.

உங்கள் அறிக்கையில் இந்த இரண்டில் ஒன்று வந்தால் மனம் துள்ளும், அது இயல்பு. ஆனால் அந்தக் குகை மனிதரின் நேர் வழியில் வந்தவர் நீங்கள் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. அவரும் நீங்களும் அவருக்கும் முந்திய ஒரு பொதுத் தாயின் கிளைகள், அவ்வளவுதான் உறுதி. இந்தக் கிளைகள் இந்தியாவிலும் இருக்கின்றன. உங்கள் எம்35ஏ 20,000 ஆண்டுகளுக்கு முன் நடந்து வந்ததா, 1870களில் கங்காணியோடு வந்ததா என்று கிளைப் பெயர் மட்டும் சொல்லாது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தபோது மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் நிலம்தான் இருந்தது. கடல் மூடி ஏறத்தாழ 7,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்திய கிளைகளைப் பார்த்து "இது இந்தியாவா, இலங்கையா" என்று கேட்பதில் பொருளில்லை. நம்மை வந்தேறிகள் என்பவரும் இதைக் காட்ட முடியாது, நாங்கள்தான் ஆதியினர் என்று பதிலுக்குச் சொல்பவரும் இதைக் காட்ட முடியாது.

2014இல் வெளியான இன்னொரு ஆய்வு வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரையோரச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் என 271 பேரின் மைட்டோகாண்ட்ரியத்தைப் பார்த்தது. வேடர் தனியே நின்றார்கள், மற்ற நான்கு பிரிவினரும் ஒருவருக்கொருவர் நெருக்கமாக வந்தார்கள். அந்த ஆய்வு படித்தது முழு வரிசையை அல்ல, வேகமாக மாறும் துண்டுகளை மட்டும். எந்த ஆய்வைப் படித்தாலும் எத்தனை பேர், எவ்வளவு நீளம் படித்தார்கள் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

தந்தைவழி

தென்னிந்திய வழியினரிடம் அடிக்கடி வரும் ஒய் கிளைகள் எச், எல்1, ஆர்2, ஆர்1ஏ, ஜே2. எச்சின் தெற்காசியக் கிளைகள் மிகப் பழையவை. ஆர்1ஏயின் இங்குள்ள கிளைகள் பெரும்பாலும் கடந்த 4,000 ஆண்டுகளில் வடமேற்கு வழியாகப் பரவியவை. ஒய்யில் உள்ள எம்130 என்ற அடையாளம் (தாய்வழி எம் கிளை அல்ல) மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி தமிழர் பலருக்குத் தெரியும். அதை வைத்து "முதல் மனிதன் தமிழன்" என்று எழுதுகிறார்கள். அடையாளம் பழையது என்பதும் அதைச் சுமப்பவரின் மொழியும் ஊரும் பழையன என்பதும் வேறு வேறு. அதே எம்130 மொங்கோலியாவிலும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிறது.

சதவீதங்களை எப்படிப் படிப்பது

"தென்னிந்தியா, இலங்கை 94%" என்று வரும் எண், நிறுவனம் கையில் வைத்திருக்கும் ஒப்பீட்டு மக்களோடு உங்களைப் பொருத்திப் பார்த்த கணிப்பு. ஒப்பீட்டுத் தொகுதி மாறினால் எண்ணும் மாறும். பொதுப் பயனில் உள்ள ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்று இருப்பவர்கள் பிரித்தானியாவில் மாதிரி கொடுத்த சுமார் நூறு பேர். மலையகத் தமிழர் என்று தனித் தொகுதி அதில் இல்லை. இருந்தாலும் 200 ஆண்டு, ஏழெட்டுத் தலைமுறை, புதிய மரபணு அடையாளம் ஒன்று உருவாகப் போதாது. அறிக்கையில் பதுளையும் புதுக்கோட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால் அது குறையல்ல.

இரண்டு மூன்று சதவீதமாக எட்டாத தேசங்கள் வந்தால் விட்டுவிடுங்கள். தென்னிந்தியருக்குச் சில கருவிகள் கொஞ்சம் பப்புவா, ஓசியானியா காட்டும். தெற்காசியாவின் ஆதி வேட்டை மக்களின் பங்கை அடையாளம் காணத் தெரியாமல், தூரத்து ஒப்பீடு ஒன்றில் கருவி அதை ஒட்டிவிடுகிறது.

உறவுப் பட்டியல்: நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள பொறி

பகிர்ந்த டிஎன்ஏயைச் சென்டிமோர்கன் என்ற அலகில் சொல்வார்கள். பெற்றோர், பிள்ளை 3,400க்கு மேல். உடன்பிறப்பு 2,600 அளவு. பெரியப்பா பிள்ளை, மாமன் பிள்ளை 850 அளவு. அவர்களின் பிள்ளைகள் தமக்குள் 230 அளவு. அதற்கடுத்த தலைமுறை 70 அளவு, அதில் பத்தில் ஒரு சோடிக்கு ஒன்றுமே பொருந்தாது.

இந்த அளவுகள் உறவுக்குள் மணம் முடிக்காத ஐரோப்பியரை வைத்துப் போட்டவை. நாம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுகிறவர்கள். பெற்றோர் சொந்த மாமன் அத்தை பிள்ளைகள் என்றால் பிள்ளையின் மரபணுத்தொகுதியில் பதினாறில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே துண்டாக இருக்கும். அத்தோடு தென்னாசியாவில் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பரவலாகக் கலந்து, பின்னர் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கத் தொடங்கினார்கள் என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. விளைவு: முன்பின் அறியாத ஒருவரும் பல சின்னத் துண்டுகளால் உங்களோடு பொருந்தி நெருங்கிய உறவுபோலத் தெரிவார்.

ஆகவே கூட்டுத்தொகையைப் பார்க்காமல் மிக நீளமான துண்டைப் பாருங்கள். உதாரணத்துக்கு இருவர் உங்களோடு 210 சென்டிமோர்கன் பகிர்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு அது 19 துண்டாக, நீளமானது 17 ஆக இருக்கிறது. மற்றவருக்கு 7 துண்டு, நீளமானது 58. முதலாமவர் பல வழியில் தூரத்து உறவு, தேடி முடியாது. இரண்டாமவருக்குக் கடிதம் எழுதுங்கள், மூன்று தலைமுறைக்குள் பொதுப் பாட்டன் இருக்க நல்ல வாய்ப்பு. 15க்குக் குறைந்த துண்டுகளைக் கூட்டாமல் விடுவது நம் ஆட்களுக்குப் பாதுகாப்பான பழக்கம். ஜெட்மேட்ச் தளத்தில் கோப்பை ஏற்றினால் பெற்றோர் உறவினரா என்று பார்க்கும் கருவியும் இருக்கிறது. அதை முதலில் ஓட்டினால் உங்கள் எண்கள் எவ்வளவு ஊதியிருக்கின்றன என்று தெரியும்.

பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முதலெழுத்து. சுயவிவரத்தில் பூர்வீகக் கிராமம், பழைய மாவட்டம், குலதெய்வம், முன்னோர் வேலை செய்த தோட்டங்களின் பெயர்களை எழுதுங்கள். பொருத்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்தால் அது பூர்வீக ஊர்க்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன நம் உறவுகளின் பிள்ளைகளாக, கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களாகவும் இருக்கலாம். "உங்கள் தாத்தா சிலோனில் இருந்தாரா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சம்மதம்

பெரியவரிடம் மாதிரி எடுக்குமுன், எதிர்பாராத பிறப்பு உறவுகள் வெளிப்படலாம், அதை யாருக்குச் சொல்வது, சொல்லாமலே விடுவதா என்று அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். சிறு பிள்ளைகளிடம் எடுக்காதீர்கள், வளர்ந்து அவர்களே சொல்லட்டும். சாதியை நிரூபிக்க இதைச் செய்யாதீர்கள். சாதிப் பெயர் எந்தக் குரோமோசோமிலும் எழுதப்படவில்லை, அப்படிச் சொல்லும் அறிக்கையை நம்பவும் கூடாது. தரவு எப்போதும் பத்திரமாக இருக்கும் என்று எண்ணவேண்டாம். 2023இல் ட்வென்டித்ரீ அண்ட் மீயில் சுமார் 69 இலட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. உண்மைப் பெயருக்குப் பதில் புனைபெயர் போடுங்கள், வேலை முடிந்தால் மாதிரியை அழிக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

எலும்போ கல்லாயுதமோ கண்ணில் பட்டால்

மழைக்குச் சரிந்த பாறைக் குகையிலோ, மரக்கறித் தோட்டம் கொத்தும்போதோ கூர்மையாக உடைத்த பளிங்குக் கல் சில்லுகள் கிடைக்கலாம். எலும்பு கிடைப்பது அரிது, தேயிலை விளையும் அமில மண் எலும்பைக் கரைத்துவிடும். எலும்பு கிடைத்தாலும் அதில் டிஎன்ஏ மிஞ்சுவது இன்னும் அரிது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவாப் பறவையின் எலும்புகளில், 13 பாகை சூட்டில், டிஎன்ஏ பாதியாகக் குறைய 521 ஆண்டு ஆகிறது என்று கணக்கிட்டார்கள். நம் அடிவாரக் குகைகள் அதைவிடப் பல பாகை சூடானவை. காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பில்தான் பெரும்பாலும் ஏதாவது மிஞ்சும், அதைப் புழுதி என்று தட்டிவிடுகிறவர்களும் உண்டு.

ஆகவே வெறும் கையால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், முகத்தை நெருக்கிப் பேசக்கூட வேண்டாம். உங்கள் வியர்வையும் எச்சிலும் அதிலுள்ள பழைய டிஎன்ஏயைவிட ஆயிரம் மடங்கு புதிய டிஎன்ஏயை அதன்மேல் பூசிவிடும். இருக்கும் இடத்திலேயே, அளவுக்கு ஒரு பேனையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். எடுத்த அதே மண்ணை மேலே தூவி மூடுங்கள், பொலித்தீன் போட்டு மூடினால் ஈரம் கட்டும். நான்கு பக்கமும் குச்சி நட்டு, மாடு மிதிக்காமல் ஒரு கொப்பை வெட்டிப் போட்டுவிட்டு, கிராம உத்தியோகத்தரிடமோ பொலிசிலோ தொல்லியல் திணைக்களத்திலோ சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் கண்டெடுத்தால் அறிவிப்பது கடமை. மனித எலும்பு புதியதா பழையதா என்று நீங்கள் தீர்மானிக்கவேண்டாம், அது அவர்கள் வேலை.